அம்பாசடரில் ஃபேன் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது, நானே மாற்றலாமா?

தங்கள் மார்க் 4 அம்பாசடரில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி, அதன் இடத்தில் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் பொருத்திய பிறகு ஃபேன் பெல்ட் நிலைப்பதில்லை என்றும், மெக்கானிக் ஒவ்வொரு முறையும் இறுக்கி அனுப்புகிறாரே தவிரக் காரணம் சொல்வதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெல்ட்டைத் தாராளமாக நீங்களே மாற்றலாம். ஆனால் பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், யார் மாட்டினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெல்ட்டாக இருந்தாலும் அதே கதிதான்.

நான் மெக்கானிக் அல்லன். அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். தொழில் தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். "அந்தத் தகரத்தை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வண்டி வாங்குங்கள்" என்று எழுத வருபவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

என் வண்டியும் அதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்டதுதான். கீழே எஞ்சின் சுழற்றும் கிராங்க் புல்லி, அதற்கு மேலே வாட்டர் பம்ப்பும் ஃபேனும் சேர்ந்த புல்லி, பக்கவாட்டில் ஆல்டர்னேட்டர் என மூன்றையும் ஒரே பெல்ட் முக்கோணமாகச் சுற்றி வருகிறது. அது அறுந்தால் சார்ஜ், காற்று, தண்ணீர் ஓட்டம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது: முதலில் சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, பின்னால் வந்த லாரிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. அதன் பிறகு ஒரு பட்டறையில் பெல்ட்டை வீணைத் தந்தியைப் போல முறுக்கேற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஃபேன் இறக்கையைப் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் ஆடியது. பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டியது. அளவுக்கு மீறிய இறுக்கம் முழுவதும் பேரிங்கின் தலையில் விழும் என்பதை அவர்கள் சொல்லவில்லை; புது பம்ப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

டிக்கியில் போட்டு வைத்திருந்த பழைய பெல்ட்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்லாவற்றிலும் எஞ்சின் பக்கத்து ஓரம் மட்டுமே தேய்ந்து, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. மறு ஓரம் புதிது போலவே இருந்தது. பெல்ட் ஓடும் வழியிலேயே ஒரு மெல்லிய நைலான் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். கிராங்க்கிலிருந்து பம்ப்புக்கு நேராகச் சென்ற நூல், ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் நுழையும் இடத்தில் பக்கவாட்டில் வளைந்தது. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டில் கைக்குக் கிடைத்த வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு, சரியான நீளத்துக்கு லேத் பட்டறையில் ஒரு புஷ் (உலோகக் குழாய்த் துண்டு) கடைந்து போட்ட பிறகு நூல் நேரானது. பெல்ட் அறும் கதை அதோடு முடிந்தது.

புல்லியில் பெல்ட் அமரும் பள்ளமான காடியையும் விரலால் தடவிப் பாருங்கள். வி பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளால்தான் பிடிக்க வேண்டும். அடிப்பாகம் காடியின் தரையைத் தொடவே கூடாது. தரை பளபளவென்று இருந்தால் காடி தேய்ந்திருக்கிறது அல்லது பெல்ட் அகலம் குறைவு. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் அளவு அச்சிடாத பெல்ட்டை "அம்பாசடர் பெல்ட்" என்று சொல்லியே என்னிடம் நீட்டினார். 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றதிலிருந்து இப்படிப்பட்ட சரக்கு கூடிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலை எளிது. எஞ்சின் ஆறியதும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளையும் அட்ஜஸ்டிங் பட்டையின் போல்ட்டையும் தளர்த்தி, அதை எஞ்சினை நோக்கித் தள்ளினால் பெல்ட் தளரும். எஞ்சினின் போல்ட்டுகள் அங்குல அளவு, ஆல்டர்னேட்டரோடு வந்தவை மில்லிமீட்டராக இருக்கலாம் என்பதால் இரண்டு வகை ஸ்பேனரும் வேண்டும். ஏசி பிற்பாடு பொருத்தியிருந்தால் அதன் பெல்ட்டை முதலில் எடுக்க வேண்டியிருக்கும். புது பெல்ட்டை ஃபேனைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வோர் இறக்கையாகத் தாண்டவிட்டு, கிராங்க்கிலும் பம்ப்பிலும் அமர்த்தி, ஆல்டர்னேட்டரில் கடைசியாக ஏற்றுங்கள். ஏறவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருக்கும்.

இறுக்கும்போது நெம்புகோலை ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடலின் நடுவில் கொடுக்காமல் புல்லி பக்கத்து முனையில் கொடுங்கள். பெல்ட் மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போக வேண்டும். புது பெல்ட் ஓடிப் பழகும்போது சற்றுத் தளரும். ஆகவே ஓரிரு நாள் ஓட்டிய பிறகு, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு இன்னொரு முறை அழுத்திப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.