மச்சானுக்காக 240 ஏக்கர் காடு வாங்கலாமா?

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். எனக்கு 46 வயது. நானும் மனைவியும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். மனைவியின் தம்பி, ஜார்ஜியாவில் மேக்கனுக்குத் தெற்கே விலைக்கு வந்திருக்கும் 240 ஏக்கர் காட்டைக் கூட்டிப்போய்க் காட்டினார். 150 ஏக்கரில் 12 வயது பைன் மரம், மீதி ஓடைக்கரைக் காடும் புல்வெளியும். ஏக்கர் 3,000 டாலர், மொத்தம் 7.2 லட்சம். மான், காட்டு வான்கோழி வேட்டைக்குக் குத்தகை விடலாம், மரத்தை வெட்டினால் கடன் அடைந்துவிடும், பிற்பாடு பிளாட் போட்டு விற்கலாம் என்கிறார். ஆளுக்குப் பாதி. முன்பணம் 2.16 லட்சத்தை மட்டும் நான் 2018-ல் எடுத்து வைத்த வீட்டு ஈக்விட்டிக் கடனிலிருந்து, அதாவது வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது வரம்புக்குள் பணம் எடுத்துக்கொள்ளும் ஹெலாக்கிலிருந்து, இப்போதைக்குக் கொடுக்க வேண்டுமாம். அவர் பங்கை 2 வருடத்தில் தந்துவிடுவாராம். பாக்கிக்கு இருவர் பெயரிலும் நிலக்கடன். இதே ஹெலாக்கில் 2019-ல் அவர் கேஸ் ஸ்டேஷனுக்கு 60,000, 2022-ல் அவர் கோவையில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு 45,000 கொடுத்தது இன்னும் நிற்கிறது. 10,000 டாலர் அட்வான்ஸ் கட்டி ஒப்பந்தமும் போட்டாயிற்று. வாங்குவதற்கு முன் நிலத்தைச் சரிபார்க்கத் தரும் டியூ டிலிஜென்ஸ் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. மகள் 2028-ல் கல்லூரிக்குப் போகிறாள். சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு, அவசரகால நிதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் காட்டின் மேல் போகவில்லை, அந்த ஹெலாக்கின் மேல்தான் போனது. உங்கள் வீட்டின் மீதான கடன் எப்போது மச்சானின் கல்லாப்பெட்டி ஆனது?

1,05,000 டாலர் நிலுவைக்கு வட்டி 8 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 8,400, மாதம் 700. நீங்கள் கட்டுவது வட்டி மட்டும்தான், அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. பெரும்பாலான ஹெலாக்குகளில் பணம் எடுக்கும் காலம் 10 வருடம். உங்களுடையதும் அப்படியென்றால் 2028-ல் கதவு மூடும், அசலும் வட்டியும் சேர்ந்த தவணை தொடங்கும். 20 வருடத் தவணை என்றால் இப்போதைய நிலுவைக்கே மாதம் 880 டாலர் வரும். காட்டுக்கான 2.16 லட்சத்தையும் ஏற்றினால் மாதம் 2,700-ஐ ஒட்டி. மகளின் முதல் ஃபீஸ் ரசீது வருவதும் அதே வருடம்தான். தூக்கம் வராததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது காட்டுக் கணக்கு. 5.04 லட்சம் நிலக்கடன், 7.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 4,060 டாலர். முன்பணத்துக்கான ஹெலாக் வட்டி மாதம் 1,440. இரண்டும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 66,000. வேட்டைக் குத்தகை ஏக்கருக்கு 15 டாலர் கிடைத்தால் மொத்தம் 3,600. பல வேட்டை கிளப்புகள் கேட்டையும் பாதையையும் சரி செய்து தரச் சொல்லும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்தது லாப்லாலி பைனாகத்தான் இருக்கும், அந்தப் பக்கம் நடுவது அதுதான். 12 வயது மரத்தை மார்பு உயரத்தில் இரண்டு கையாலும் ஏறக்குறைய வளைத்துப் பிடித்துவிடலாம். அந்தப் பருமனில் அது பலகைக்கு ஆகாது, காகிதக் கூழுக்குத்தான் போகும். 15, 16 வயதில் நெருக்கமாக நிற்பவற்றில் ஒரு பகுதியை வெட்டிக் கலைப்பார்கள். ஏக்கருக்கு 35 டன், டன்னுக்கு 8 டாலர் என்றால் 150 ஏக்கருக்கு 42,000. மர விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரஸ்டரின் கூலி போக 38,000. ஏழு மாதக் கடன் தவணைக்குக்கூட அது காணாது. அதுவும் மூன்று நான்கு வருடம் காத்திருந்த பிறகு, ஒரே ஒரு முறை. பலகைக்கான கடைசி வெட்டு இன்னும் 16 வருடம் கழித்து. ஏக்கருக்கு 80 டன், சராசரி 22 டாலர் என்று தாராளமாகவே போடுகிறேன்: 2.64 லட்சம். அதுவரை நீங்கள் கட்டியிருப்பது 10.5 லட்சம். நிலம் மிஞ்சும், உண்மைதான். அப்படியானால் நீங்கள் வாங்குவது மர வருமானம் அல்ல, நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையை, கடன் வாங்கி.

அந்த 8 டாலரே நிலைக்குமா என்பது எனக்குக் கவலை. மரம் நிற்கும் இடத்திலேயே டன் கணக்கில் விலை பேசப்படுகிறது, ஆலை தூரமானால் லாரி வாடகை உங்கள் விலையிலிருந்துதான் போகும். 2025-ல் மட்டும் சவானா, ரைஸ்போரோ, சீடார் ஸ்பிரிங்ஸ் என ஜார்ஜியாவில் மூன்று பெரிய காகித ஆலைகள் மூடின. கூழ் மரம் வாங்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. புயல் வேறு. 2018-ல் மைக்கேல் தென்மேற்கு ஜார்ஜியாவின் பைன் காடுகளைச் சாய்த்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன், வால்டோஸ்டாவிலிருந்து அகஸ்டா வரை அதையே செய்தது. நிற்கும் மரத்துக்குக் காப்பீடு வைத்திருப்பவர் அபூர்வம். மரம் விழுந்தாலும் தவணை தேதி தள்ளிப்போகாது.

பிளாட் யோசனைக்கு வருகிறேன். ஜார்ஜியாவில் இப்படிப்பட்ட நிலங்கள் பல ‘கூவா’ எனப்படும் 10 வருட ஒப்பந்தத்தில் இருக்கும். நிலத்தை விவசாயத்துக்கும் காட்டுக்குமே வைத்திருப்பேன் என்று கவுன்டிக்கு வாக்குக் கொடுத்துச் சொத்துவரியைக் குறைத்துக்கொள்வது அது. இடையில் முறித்தால், ஒப்பந்தம் தொடங்கியதிலிருந்து மிச்சமான வரியின் இரண்டு மடங்கும் வட்டியும் அபராதம். விற்பவர் அதில் இருக்கிறாரா, எந்த வருடம் முடிகிறது என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து ஒரு புரோக்கர் வந்து, நிலத்தில் இனி கட்டடம் கட்ட மாட்டோம் என்று உரிமையை விட்டுக்கொடுக்கும் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ கூட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் போட்ட பணத்தைப் போல நாலைந்து மடங்கு வரிக் கழிவு என்பார். அந்தக் கூட்டுத் திட்டங்களை 2016 டிசம்பரிலேயே அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022-ல் வந்த சட்டம், முதலீட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காதபடி செய்துவிட்டது. மரத்தை வெட்டாமல் வைத்தால் பணம் தருகிறோம், கார்பன் கிரெடிட் என்று வருபவரிடம், எத்தனை வருடம் மரத்தைத் தொடக்கூடாது என்று முதலில் கேளுங்கள். 90-களில் ‘இன்று ஆயிரம், 20 வருடத்தில் லட்சம்’ என்று தேக்குத் திட்டங்களில் பணம் போட்ட உங்கள் அப்பா வயதுக்காரர்கள் எத்தனையோ பேர், அவர்களைக் கேட்டாலே போதும்.

பாதிப் பாதி என்கிறீர்கள். நிலக்கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டால், மச்சான் நிறுத்தும் மாதம் வங்கி முழுத் தவணையையும் உங்களிடம் கேட்கும். எல்.எல்.சி. என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கினாலும் சொந்த ஜாமீன் கேட்பார்கள். ஆறு வருடத்தில் 60,000-ஐத் திருப்ப முடியாதவர் இரண்டே வருடத்தில் 1.08 லட்சம் தருவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கேட்டதும் கிடைக்கும் பணத்தை யாரும் அவசரமாகத் திருப்புவதில்லை.

முதலில் மனைவியிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பியிடம் இல்லை என்று சொல்வது அவருக்கு உங்களைவிடக் கஷ்டம், அதனால் சொல்வது இருவரும் சேர்ந்து சொல்வதாக இருக்கட்டும். அப்புறம் வங்கியைக் கூப்பிட்டு ஹெலாக் வரம்பை இப்போதைய நிலுவை அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். பழைய 1,05,000-க்கு மச்சானிடம் புரோநோட் எழுதி வாங்கி, மாதம் குறைந்தது 1,000 டாலர் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்படி செய்யுங்கள். கோவை ஃப்ளாட்டை விற்க அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. காடுதான் ஆசை என்றால், ஹெலாக் அடைந்த பிறகு, கைக்காசில், நீங்களே போய்வரக்கூடிய 20 ஏக்கர் பாருங்கள். நானே சந்தோஷமாகச் சரி என்பேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 10,000. டியூ டிலிஜென்ஸ் காலத்துக்குள் விலகினால் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என இன்றே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இருந்தால், போனில் சொல்லி விட்டுவிடாமல், ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி எழுத்தில், கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே விலகல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.