"பர்மிட் இருக்கு" என்கிறார்களா? முதலில் குழியை அளந்து பாருங்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் சுமார் 80 ஏக்கருக்குப் பாசனம் தருவது. விவசாயிகளுக்கு வண்டல் என்று சொல்லி கோடையில் மண் அள்ள ஆரம்பித்தார்கள். முதலில் டிராக்டர்தான் வந்தது. இப்போது ராத்திரியில் டிப்பர் லாரிகள் வருகின்றன. குழி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. கேட்டால் "பர்மிட் இருக்கு" என்கிறார்கள், காட்டுவதில்லை. லாரியை மறித்தால் உங்கள் மேல்தான் கேஸ் வரும் என்று மிரட்டல் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: லாரியை மறிக்காதீர்கள். மிரட்டலுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. மறித்த மறுநாள் பேச்சு மண்ணைப் பற்றி இருக்காது, மறியலைப் பற்றித்தான் இருக்கும். வழிமறித்ததாக நாலு பேர் மேல் வழக்கு விழும். அப்புறம் ஊர் அந்த நாலு பேருக்கு ஜாமீன் தேடி அலையும், லாரி பாட்டுக்கு ஓடும்.

"பர்மிட் இருக்கு" என்று அவர்கள் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு பர்மிட் இருக்கவே செய்யும். அது யார் பேரில், எந்த சர்வே எண்ணில், எத்தனை கனமீட்டருக்கு, எத்தனை நாளுக்கு என்பதுதான் விஷயம். அந்தக் காகிதத்தையும் உங்கள் கண்மாயில் கிடக்கிற குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டல் அள்ளுவதே தப்பு என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். தூர்ந்துபோன கண்மாயில் வண்டல் எடுப்பது கண்மாய்க்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. நம் தாத்தா காலத்தில் மாட்டு வண்டி கட்டிப் போய் அள்ளினார்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இல் இதற்கென்றே இடம் இருக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமில்லாமல் எடுக்கலாம். முன்பு இதற்கு ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அளவு என்ன தெரியுமா? நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர். மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர். அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுவோம். 2 ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கு 150 கனமீட்டர் கிடைக்கும். லாரிக்காரர்கள் யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். 150 கனமீட்டர் என்பது சுமார் 53 யூனிட். உங்கள் கண்மாயில் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது என்று வையுங்கள். அது 2,000 கனமீட்டர், ஏறக்குறைய 700 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் 230 நடைக்கு மேல். இரண்டு ஏக்கர்க்காரர்கள் பதின்மூன்று பேருக்கு மேல் அனுமதி வாங்கி, அத்தனை பேர் வயலிலும் மண் இறங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். இறங்கியிருக்கிறதா என்பது ஊரில் யாருக்கும் தெரியும். புது மண் விழுந்த வயல் தனியாகத் தெரியுமே!

அளப்பது எப்படி? ஹார்டுவேர் கடையில் 30 மீட்டர் டேப் கிடைக்கும். ஒரு நேரான மூங்கிலில் அரை மீட்டருக்கு ஒரு கோடு, சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். பகலில், ஆறேழு பேராகப் போங்கள். வண்டி ஓடாத நேரமாகப் பாருங்கள். குழியின் நீளத்தை மூன்று இடத்திலும், அகலத்தை மூன்று இடத்திலும் எடுங்கள். ஆழத்தை ஐந்து இடத்திலாவது எடுத்துச் சராசரி போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூங்கிலை நிறுத்தி, தேதியும் இடக் குறியீடும் விழுகிற மாதிரி போனில் படம் எடுங்கள். குழி ஓரத்தில் நிற்காதீர்கள், வெட்டு மண் சரியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, வந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்றையும் அளக்கச் சொல்வேன். பலர் இதை யோசிப்பதே இல்லை. மடையின் அடித்தளத்தைவிடக் குழி எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மடையிலிருந்து பத்துப் பத்து மீட்டராக நகர்ந்து குழி வரை மட்டத்தைக் கொண்டு போகலாம், அரை நாள் வேலை. மடைக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர் ஒரு சொட்டுகூட வயலுக்கு வராது. கண்மாய்க்கு வருகிற தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் மடைக்கு ஏறும். 2,000 கனமீட்டர் பள்ளம் என்றால் 20 லட்சம் லிட்டர். மழை குறைந்த வருஷத்தில் கடைமடைக்காரருக்கு ஒரு தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஆழப்படுத்தினால் தண்ணீர் அதிகமாக நிற்கும், ஊருக்கு நல்லதுதானே" என்று யாராவது சமாதானம் சொன்னால் இந்த மட்டக் கணக்கைக் காட்டுங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டியிருந்தால் அதைத் தனியாகப் படம் எடுத்து மனுவில் முதல் வரியாக எழுதுங்கள். கரை உடைவது வேறு எதையும்விட அவசரம்.

அடுத்து மண். வெட்டுச் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலே சாம்பலும் கறுப்புமாக, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது வண்டல். ஈரத்தில் பிசைந்தால் கையில் ஒட்டும். அதற்குக் கீழே நறநறவென்று வந்தால் அது மணல் கலந்த அடுக்கு. வண்டல் பர்மிட்டில் மணல் போகிறது என்றால் கதையே வேறு. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து, தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள். சவுடு (பள்ளம் நிரப்பப் போடுகிற சாதாரண மண்) என்ற பெயரில் பர்மிட் வாங்கியிருந்தாலும் கேள்வி கேட்கலாம். மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று ஆய்வு செய்யாமல் பொத்தாம்பொதுவாக "சவுடு" என்று அனுமதி தரக்கூடாது என 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சவுடு என்ற பேரில் மணல் போவதைத் தடுக்கத்தான்.

இனி காகிதம். உங்கள் கண்மாய் 80 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, என்கிறீர்கள். பொதுவாக 100 ஏக்கருக்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத்துறை. ஆகவே மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், ஆட்சியரகத்தில் இருக்கும் கனிமவளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. இந்த சர்வே எண் கண்மாயில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வழங்கிய அனுமதி ஆணைகளின் நகல், பயனாளிகள் பட்டியல், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய கனமீட்டர், எல்லை காட்டும் வரைபடம், ஒவ்வொரு லாரி நடைக்கும் தருகிற நடைச்சீட்டு வழங்கியிருந்தால் அதன் பதிவேடு. இப்படி ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள், சட்டத்தில் இடமுண்டு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

பல வருஷங்களுக்கு முன்பு வேறொரு ஊரில் இப்படிப் பட்டியல் கேட்டு வாங்கினோம். அதில் இருந்த ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். அவர் வயலுக்கும் வண்டல் "போயிருந்தது". அந்த ஒரு பக்கத்தைக் காட்டியதும் அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

30 நாள் காத்திருந்தால் கண்மாய் காலியாகிவிடும், சரி. அதனால் மனுவை அதே வாரத்தில் கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளைவிட மாதம் ஒருமுறை ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நல்லது. எல்லாத் துறை அதிகாரிகளும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "கண்மாயைச் சூறையாடுகிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "இந்த சர்வே எண் கண்மாயில் இந்தத் தேதியில் நாங்கள் அளந்தபோது குழி சுமார் 2,000 கனமீட்டர் இருந்தது. அளவுத்தாளும் படங்களும் இணைப்பில். அனுமதித்த அளவோடு ஒப்பிட, நில அளவரைக் கொண்டு எங்கள் முன்னிலையில் அளக்கவும். அளந்து முடியும் வரை அள்ளுவதை நிறுத்தி வைக்கவும்." அளக்கச் சொல்வதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

போலீஸில் "இது கனிமவளத்துறை வேலை" என்று திருப்பி அனுப்புவார்கள். கனிமச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகார் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அரசு நிலத்தில் அனுமதியின்றி அள்ளுவது திருட்டும்கூட, அதற்குப் போலீஸ் தனியாக வழக்குப் பதியலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகாரை வாங்க மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். கனிமச் சட்டத்தில் தண்டனை 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். லாரி உரிமையாளர் அஞ்சுவது கடைசியில் சொன்னதற்குத்தான்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும் ஊராட்சியிலும் கூடும். தீர்மானம் போட்டால் மறுநாளே லாரி நின்றுவிடாது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரியைப் பிறகு யாரும் "இது நாலு பேர் கிளப்பிவிட்டது" என்று தள்ள முடியாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விஷயத்தைப் பாருங்கள். 2024 நவம்பரில் சுரங்க ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. பிறகு சட்டமன்றத் தீர்மானம், மதுரைக்குப் பேரணி. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது பெரிய சண்டை, உங்களுடையது சின்னது. தொடங்கும் இடம் மட்டும் ஒன்று.

நீதிமன்றம் கடைசி வழி என்பார்கள். ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாத வழியும் அதுதான். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளையில் பொதுநல மனுவும் போடலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா, ரசீது எங்கே என்பதுதான்.

பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வீண் பயமில்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, குவாரி முறைகேடுகளை எதிர்த்து வந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆகவே மனு ஒருவர் பேரில் போகக் கூடாது. ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் பேரில், குறைந்தது முப்பது நாற்பது கையெழுத்தோடு போகட்டும். பெண்கள் கையெழுத்தும் இருக்கட்டும். தகவல் உரிமை மனுவைத் தனியாளாகத்தான் போட முடியும் என்பதால், மூன்று நான்கு பேர் வெவ்வேறு பேரில் போடுங்கள். முடிந்தால் அதில் ஒருவர் வெளியூரில் வேலை பார்ப்பவராக இருக்கட்டும். இரவில் லாரியின் பின்னால் வண்டி எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். மண் எங்கே இறங்குகிறது என்பது பகலில் செங்கல் சூளையிலும் பிளாட் போடும் இடத்திலும் தானாகத் தெரியும். யாராவது மிரட்டினால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

நில அளவர் வரும் நாளில் உங்கள் நோட்டோடு ஐந்து பேராவது அங்கே நில்லுங்கள். அவர் எழுதும் அளவுகளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் கேளுங்கள். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருந்து உங்கள் அளவைத் தள்ளிப்போட வேண்டாம். ஐப்பசியில் மழை இறங்கினால் குழி தண்ணீருக்குள் போய்விடும், அப்புறம் தை மாசி வரை டேப் பிடிக்க முடியாது. மூங்கிலுக்குப் பெயிண்ட் காய ஒரு நாள்தான் ஆகும்.