தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் தடா, ஸ்ரீசிட்டி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் கேட்டவை

கேள்வி (டீம் லீடர், ஆரம்பாக்கம்): அக்கா, ஷிப்ட் மாறும்போது தினமும் சண்டை. ரிஜெக்ட் (தரம் தேறாத பீஸ்) வந்தால் இந்த ஷிப்ட் அந்த ஷிப்டைக் கைகாட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: "யார் செஞ்சது?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் தம்பி. எந்த மெஷின், எத்தனை மணிக்கு, அப்போது எந்த செட்டிங்கை மாற்றினோம் என்று கேட்டுப் பாருங்கள். டொயோட்டா ஆலைகளில் லைனில் நிற்பவர் யாராக இருந்தாலும் கோளாறு கண்டதும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு விழுந்தால் அடுத்த முறை யார் இழுப்பார்கள்?

ஷிப்ட் மாறும்போது இரண்டு டீம் லீடர்களும் மெஷின் பக்கத்திலேயே நின்று கைமாற்றிக்கொள்ளுங்கள். ஓடாத மெஷின், மாற்றிய செட்டிங், பாதியில் நிற்கும் வேலை, இந்த மூன்றும் ரிஜிஸ்டரில் ஏறட்டும். ஆள் பெயர் வேண்டாம். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப் பையன்கள் தெலுங்கு நன்றாகப் பேசுவார்கள், பலருக்குப் படிக்க வராது. ஹிந்திக்காரர்களுக்கு இரண்டுமே தெரியாது. அதனால் மெஷின் நம்பர், நேரம், ஒரு போட்டோ என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் புரியும்.

கேள்வி (சூலூர்பேட்டை): சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துகிறார்.

பதில்: சூடு தணிந்ததும் அன்றைக்கே தனியாகப் பார்த்து, "தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். எல்லார் முன்னாடியும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் என்று குறித்துவைத்து எழுத்தில் கொடுங்கள். 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர் குழு இருந்தே ஆக வேண்டும், அதனிடம் கொடுக்கலாம். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம், கும்மிடிப்பூண்டி): கம்பெனி பஸ்ஸில் ஒருவர் தினமும் ஆபாசமாகப் பேசுகிறார். "கான்ட்ராக்ட்ல இருக்கே, பொறுத்துப் போ" என்கிறார்கள்.

பதில்: பொறுக்கவே வேண்டாம் தங்கச்சி. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸும் பணியிடம்தான், கான்ட்ராக்ட் ஊழியருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் உள் குழு இருக்க வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். நீங்களாகக் கேட்டால் ஒழிய, சமரசம் பேச யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. குழுவே இல்லை என்றால், வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும், வேலை செய்யும் ஆந்திர மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் பஸ்ஸில் அதைக் கேட்ட தோழி ஒருத்தியைக் கூட்டிப் போங்கள், சாட்சியும் ஆகும்.