‘கோ அஹெட்’ என்று மெயில் வந்தால் எதுவரை போகலாம்?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சுங்குடிச் சேலை ஆர்டர் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். 200 சேலை பற்றிப் பேச்சு நடக்கிறது. ‘யூ கேன் கோ அஹெட் வித் தி சாம்பிள்ஸ்’ என்று மெயில் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சாயம் போட்டுவிடலாமா?”

வேண்டாம். மாதிரிச் சேலைகளுக்கு மட்டும்தான் அனுமதி வந்திருக்கிறது. ‘கோ அஹெட்’ என்றால் ‘சரி, தொடங்குங்கள்’. எதைத் தொடங்கலாம் என்பது ‘வித்’துக்குப் பின்னால் வரும் சொல்லில் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால், ‘யூ வென்ட் அஹெட் வித்தவுட் அவர் அப்ரூவல்’ என்று பதில் வரும். கேட்காமலே செய்துவிட்டீர்கள் என்ற புகார் அது. முடிச்சுப் போட்ட துணி சாயத்தில் இறங்கியபின் திரும்ப வழியில்லை.

வெறும் ‘கோ அஹெட்’ என்று மட்டும் வந்தால், நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அது பதில். ஒரே மெயிலில் விலை, நிறம், எண்ணிக்கை மூன்றையும் கேட்டிருந்தால் எதற்குச் சம்மதம் என்று தெரியாது. பெரும்பாலான தகராறு இங்கேதான் முளைக்கிறது. அதனால் ஒரு மெயிலில் ஒரே கேள்வி கேளுங்கள்.

‘தி எக்சிபிஷன் வில் கோ அஹெட்’ என்றால் கண்காட்சி ரத்தாகவில்லை, திட்டப்படி நடக்கும் என்று பொருள். தேதி முன்னால் வந்துவிட்டதாக நினைத்து அவசரப்பட வேண்டாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னால் ‘தி’ வேண்டும், இரு சொல்லுக்கும் நடுவே சிறுகோடும் வேண்டும்: ‘ப்ளீஸ் கிவ் அஸ் தி கோ-அஹெட்’. வினைச்சொல்லுக்குக் கோடு கிடையாது. இன்னும் முறையான கடிதமென்றால் ‘ப்ரொசீட்’ எழுதலாம். நம் பக்கத்தில் ‘ப்ரொசீட் தி வொர்க்’ என்று எழுதுகிறார்கள், அது பிழை. ‘ப்ரொசீட் வித் தி வொர்க்’ என்பதே சரி.

இப்போது அனுப்ப வேண்டிய பதில்: ‘வி வில் கோ அஹெட் வித் தி சாம்பிள்ஸ். வி வில் ஸ்டார்ட் தி ரெஸ்ட் ஒன்லி ஆஃப்டர் யுவர் ரிட்டன் அப்ரூவல்.’ மீதியை எழுத்தில் ஒப்புதல் வந்தபிறகே தொடங்குவோம் என்பது இதில் தெளிவாக இருக்கிறது.

மாதிரி போய்ச் சேர்ந்ததும் ‘சாம்பிள்ஸ் லுக் குட்’ என்று எழுதுவார்கள். அது பாராட்டுதான், அனுமதி ஆகாது. ‘ஷல் வி கோ அஹெட் வித் தி ஃபுல் ஆர்டர்?’ என்று எண்ணிக்கை, நிறம், அனுப்பும் தேதி குறிப்பிட்டுக் கேட்டு, ‘யெஸ்’ வந்தபிறகு சாயத்தைக் கரையுங்கள்.