கிறிஸ்தவரின் புனித நூலான விவிலியத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? இறைசித்தத்தை எதிர்ப்பது வீண் என்பது ஏன்?

கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாடு நடக்கும் எந்த ஆலயத்திலும், இயேசுவின் வாழ்வைக் கூறும் விவிலியப் பகுதியான நற்செய்தி வாசிக்கப்படும்போது அனைவரும் எழுந்து நிற்கிறார்கள், வாசித்து முடித்த குரு அந்த நூலை முத்தமிடுகிறார். இந்த மரியாதை தாளுக்கும் மைக்கும் உரியதன்று. அச்சொற்களின் வழியாகக் கடவுளே பேசுகிறார் என்னும் நம்பிக்கைக்கு உரியது.

இறைசித்தம் என்பது கடவுள் தம் படைப்பின்மீது கொண்டுள்ள நோக்கம். அதை எதிர்ப்பவரின் நிலையை விவிலியத்தில் உள்ள யோனா நூல் நான்கே அதிகாரங்களில் காட்டுகிறது. நினிவே நகருக்குப் போய் எச்சரிக்கும்படி கடவுளால் சொல்லப்பட்ட இறைவாக்கினர் யோனா, யோப்பாவில் தர்சீசு செல்லும் கப்பலில் ஏறித் தப்பியோடினார்; புயலும், மீனின் வயிற்றில் மூன்று நாட்களும் கழிந்தபின் அதே நினிவேயில்தான் போய் நின்றார். என் பார்வையில் இந்நூலின் உயிர் மீனில் இல்லை, இறுதி வசனத்தில் இருக்கிறது: ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகருக்காக நான் இரங்கக்கூடாதா என்று கடவுள் கேட்கிறார். மனந்திரும்பிய நினிவே மன்னிக்கப்பட்டதை விரும்பாத யோனா எதிர்த்தது ஒரு கட்டளையை மட்டுமன்று, இரக்கத்தையே. நம் பார்வை குறுகியது, அவருடையது முழுமையானது என்பதாலேயே எதிர்ப்பு வீணாகிறது.

இறைசித்தத்துக்குப் பணிவதும் கடலோடுவது போன்றதே: கொழும்பு முகத்துவாரத்து மீனவர் தென்மேற்குப் பருவக்காற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. அதை அறிந்து படகைச் செலுத்துகிறார், ஆயினும் உழைப்பு அவருடையதே.

பணிவு என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தாம் இறப்பதற்கு முந்தைய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, துன்பக்கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடிய பிறகே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார், ஆகவே கடவுளிடம் அழுவதும் கேட்பதும் எதிர்ப்பு ஆகாது.