மூலத்தரவில் பிஆர்சிஏ1 திரிபு: தங்கையிடம் சொல்லலாமா?

இன்றைக்கே தங்கையிடம் சொல்ல வேண்டாம். முதலில் மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எச்சில் மரபணுச் சோதனையின் மூலத்தரவுக் கோப்பை வேறொரு தளத்தில் ஏற்றியதும் பிஆர்சிஏ1 திரிபு (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடிய மரபணு மாற்றம்) என்று காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பிழை அங்கேயே இருக்கலாம். இந்தச் சோதனைகள் டிஎன்ஏ சிப்பை வைத்து, டிஎன்ஏவில் தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டுமே படிக்கின்றன. அரிதான திரிபு என்றால் சிப் அடிக்கடி தடுமாறும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தெரிந்த திரிபுகளில் 40 சதவீதம் மறுசோதனையில் பொய்யாகிப் போயின.

1. கோப்பில் அந்தத் திரிபு உள்ள வரியைத் தேடி, அதன் அடையாள எண்ணையும் பக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகளையும் குறித்துவையுங்கள்.

2. மரபணு ஆலோசகரிடம் காட்டி, புதிய மாதிரி கொடுத்து மரபணுவை வரிசைப்படுத்திப் (எழுத்து எழுத்தாகப் படித்துப்) பாருங்கள். பழைய கோப்பையே இன்னொரு தளத்தில் ஏற்றாதீர்கள். பிழையும் கூடவே போகும்.

உறுதியானால், உடன்பிறந்தவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போதும் முடிவை நேராகப் போட்டு உடைத்துவிடாதீர்கள். "ஒரு மரபணு விஷயம் தெரியவந்திருக்கு, உனக்குச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

பொய்யென்று வந்தாலும், தாய்வழியிலோ தந்தைவழியிலோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதை ஆலோசகரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.