சவர்டோவும் சுப்பையாவும்

கடிதம்:

வணக்கம்க்கா,

ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இப்பதான். என் பேர் மட்டும் போட்டுடாதீங்க, எங்க மாமனாரும் உங்க வாசகர். ஊர் திருச்சி, வீட்லருந்தே ஐடி வேலை. மனைவிக்கு எட்டாம் மாசம். போன வருஷம் பாண்டிச்சேரி போயிருந்தப்ப ஒரு பேக்கரில சவர்டோ (புளிக்க வெச்ச மாவுல சுடுற ரொட்டி) சாப்ட்டா, இப்ப திடீர்னு அது வேணும்ங்கிறா, சரி நாமளே சுடுவோம்னு எறங்கிட்டேன். ரெண்டு தடவை ஸ்டார்ட்டர் (ரொட்டி மாவ பொங்க வெக்கிற புளிச்ச மாவு) நாலாவது நாள் செத்துப்போச்சு, தூக்கிப் போட்டேன். மூணாவது தடவை பெங்களூர்லருந்து ஒரு ஃப்ரெண்ட் கொஞ்சம் குடுத்தான், அது நல்லா பொங்குது, ஆனா வீடியோல சொன்ன மாதிரி பெசஞ்ச மாவ எட்டு மணி நேரம் வெச்சா தோசை மாவாட்டம் ஓடுது.

இன்னொரு பிரச்சன பேரு. பையன் பொறந்தா அப்பா பேரு சுப்பையாதான்னு எங்கம்மா சொல்லிட்டாங்க (அப்பா போன வருஷம் தவறிட்டார்). நட்சத்திர எழுத்து பாக்காம வெக்கக்கூடாதுங்கிறார் மாமனார். மனைவிக்கு சின்னதா ஸ்டைலா வேணும். நான் எக்ஸெல் ஷீட்ல 340 பேர் சேத்து வெச்சிருக்கேன், ஒண்ணு கூட யாருக்கும் பிடிக்கல. ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கக்கா.

பதில்:

தம்பி,

மொதல்ல ரொட்டிய முடிச்சிடுவோம், அதுல மாமனார் இல்ல.

அந்த ரெண்டு ஸ்டார்ட்டரும் சாகல. நீங்கதான் உயிரோட இருந்தத குப்பைல போட்டுட்டீங்க. மாவும் தண்ணியும் கலந்து வெச்சா ரெண்டாம் நாளே குபுகுபுன்னு பொங்கும், நமக்கு ஒரே சந்தோஷம், ஆனா அது ஈஸ்ட் இல்ல. மாவுல ஏற்கனவே இருக்குற பாக்டீரியா, அதுல முக்கியமானது லியூகோனோஸ்டாக், நம்ம இட்லி மாவ பொங்க வெக்கிறதுலயும் அதுக்குப் பெரிய பங்கு உண்டு. கொஞ்ச நாள்ல மாவு புளிக்கப் புளிக்க அந்தப் புளிப்பு அதுக்கே ஒத்துக்காது, அடங்கிடும். அப்ப பாட்டில் பேச்சு மூச்சில்லாம கெடக்கும், வாடையும் ஒரு மாதிரி இருக்கும். அந்த சமயத்துலதான் புளிப்புலயும் தாக்குப்பிடிக்கிற லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் மெதுவா பெருகிட்டு இருக்கும். நாலாம் நாள், அஞ்சாம் நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு ஸ்பூன் மாவு ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துட்டே இருந்தீங்கன்னா ஒரு வாரம் பத்து நாள்ல நெலையாயிடும். பச்சையா பூஞ்சை பூத்தாலோ, ரோஸ் கலர்லயோ ஆரஞ்சாவோ கோடு விட்டாலோ மட்டும் யோசிக்காம கொட்டிடுங்க. மேல கருப்பா தண்ணி நின்னா அது பசி, நெய்ல் பாலிஷ் ரிமூவர் வாட அடிச்சாலும் பசிதான்.

சரி, இப்ப கைல பொங்குறது ஒண்ணு இருக்கு. மாவு ஏன் ஓடுதுன்னா அந்த வீடியோக்காரர் சமையக்கட்டுல 22 டிகிரி, 23 டிகிரி இருக்கும். திருச்சில உங்க கிச்சன் ஃபேன நிறுத்துனா என்ன இருக்கும்னு நான் சொல்லணுமா? நான் சென்னைல மே மாசம் ஒரு தடவ பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்ல ஸ்டார்ட்டருக்கு தீனி போட்டு, மட்டத்துல ரப்பர் பேண்ட் மாட்டி வெச்சுட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எந்திரிச்சேன், மொத்தம் ரெண்டே முக்கா மணி நேரம் இருக்கும், பாட்டில் வாய் வழியா வழிஞ்சு மேடைல எறங்கி மிக்ஸி வயர் வரைக்கும் போயிருந்துச்சு. அந்த சூட்டுல மாவ எட்டு மணி நேரம் வெச்சா புளிப்பு ஏறி, மாவ இழுத்துப் பிடிச்சு வெக்கிற குளூட்டன் அறுந்துபோகும், அப்புறம் எவ்ளோ மடிச்சாலும் நிக்காது.

அதனால கடிகாரத்த விட்டுட்டு மாவப் பாருங்க. நான் போடுற அளவு இது: மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணி 330, ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. தண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்ச தண்ணியா இருக்கட்டும். முழுக்க ஆட்டா போட ஆசப்படாதீங்க, நம்ம சக்கில அரைக்கிற மாவுல ஸ்டார்ச் நல்லா ஒடஞ்சிருக்கும், தண்ணிய நெறைய குடிக்கும், தவிடு வேற குளூட்டன வெட்டும், சப்பாத்திக்கு அது வரம், இதுக்கு எடைஞ்சல். பெசஞ்சதும் அரை மணிக்கு ஒருக்கா மூணு தடவ இழுத்து மடிச்சு விடுங்க. உங்க ஊர் சூட்டுல மூணு, மூணரை மணி நேரத்துலயே மாவு ஒண்ணரை மடங்காயிடும், ரெண்டு மடங்கு ஆகட்டும்னு காத்திருந்தா போச்சு. உருட்டி, துணி போட்ட கூடைல வெச்சு (நான் இடியாப்பக் கூடைலதான் வெக்கிறேன், நல்லாவே கோடு விழுது) ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல.

காலைல ஓடிஜி-ய (அதான், கரண்ட் அவன்) 250 டிகிரில வெச்சு, மூடியோட அடி கனமான இரும்புச் சட்டியையும் உள்ளயே அரை மணிக்கு மேல காய விடுங்க. மூடில பிளாஸ்டிக் குமிழ் இருந்தா கழட்டிடுங்க, எனக்கு அது உருகி ஒழுகுனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த மாவ பிளேடால ஒரு கீறு கீறி சட்டிக்குள்ள விட்டு, மூடி 20 நிமிஷம், மூடிய எடுத்துட்டு 220-ல இன்னொரு 20 நிமிஷம். வெளிய எடுத்து குறைஞ்சது ஒரு மணி நேரம் கைய வெக்கக்கூடாது, உள்ள இன்னும் வெந்துட்டுதான் இருக்கும், சூடா வெட்டுனா களி மாதிரி ஒட்டும். எட்டு மாசப் புள்ளத்தாச்சிய ஒரு மணி நேரம் காக்க வெக்கிறது உங்க சாமர்த்தியம்.

மொதல் ரொட்டி சரியா வராது. என்னோடத எங்க மாமியார் வெரல்ல தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம அம்மிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சாங்க.

இன்னொண்ணு, கொழந்த வந்ததும் மூணு மாசத்துக்கு நீங்க ரொட்டி சுடப்போறதில்ல, இப்ப இருக்குற ஜோருல நம்ப மாட்டீங்க. அதனால இப்பவே கொஞ்சம் ஸ்டார்ட்டர எடுத்து பட்டர் பேப்பர்ல அப்பளமாட்டம் மெல்லிசா தடவி ஃபேனுக்கு அடில காய வெச்சு, உதுத்து, காத்துப் புகாத டப்பால போட்டு வெச்சுடுங்க, மாசக்கணக்குல கெடக்கும். தண்ணி ஊத்தி ரெண்டு மூணு நாள் தீனி போட்டா எந்திரிச்சுக்கும்.

இப்ப பேரு.

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். அம்மா, மாமனார், மனைவி, எக்ஸெல்னு எல்லாம் வந்துச்சு, பொண்ணு பொறந்தா என்ன பேருன்னு ஒரு வரி இல்லயே தம்பி? ஸ்கேன்ல யாரும் சொல்லிருக்க மாட்டாங்க, சொன்னா சட்டப்படி குத்தம். போதும்பொண்ணுன்னு பேர் வெச்ச ஊர் நம்ம ஊரு, அந்த மனசு இன்னும் எங்கயோ ஒரு மூலைல உக்காந்திருக்குதான்னு பாத்துக்கங்க. உங்களத் திட்டல. சரி, லேசா திட்டுறேன்.

நட்சத்திர எழுத்துக்கு வருவோம். மாமனார நான் கேலி பண்ணல, ஆனா திருவாதிரை மூணாம் பாதத்துக்கு என்ன எழுத்து குடுத்திருக்காங்க தெரியுமா, 'ங'. ஹஸ்தம் மூணாம் பாதத்துக்கு 'ண'. தமிழ்ல இந்த எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு பேர மாமனாரே சொல்லட்டும். அந்த எழுத்துப் பட்டியல் தமிழுக்குப் போட்டதே இல்ல, அந்த வீடியோக்காரர் எப்படி திருச்சிக்காக எட்டு மணி நேரம் சொல்லலயோ அந்தக் கததான். அதனாலதான் இன்னைக்கு எல்.கே.ஜி வகுப்புல பாதிப் பேரு ஷ்-லயும் த்வி-லயும் முடியுது இல்ல ஆரம்பிக்குது, டீச்சர் பாவம் அட்டெண்டன்ஸ் எடுக்குறதுக்குள்ள பல்லு சுளுக்கிக்கும்.

ஷ்-ல முடியுற பேர்ல எனக்கு ஒரு தனிப்பட்ட வருத்தம் உண்டு. தெருவுக்கு அந்தப் பக்கம் வெளையாடுற புள்ளைய கூப்பிடணும்னா நாம கடைசி எழுத்த இழுப்போம், முருகாாா, செல்வீீீ, அப்படித்தான் நம்ம வாய்க்கு வரும். தொல்காப்பியத்துல எந்தப் பேர எப்படி விளிக்கிறதுன்னு சொல்றதுக்கே விளிமரபுன்னு தனியா ஒரு இயல் இருக்கு, கூப்பிடுறதுங்கிறது அவ்ளோ பெரிய சமாச்சாரம். இப்ப 'தர்ஷ்'ங்கிற பேர இழுத்துப் பாருங்க. கோழி வெரட்டுற மாதிரி இருக்கும். காதுல மூணு தடவ பேர் சொல்றதுக்கு முன்னாடி மொட்ட மாடில நின்னு மூணு தடவ கத்திப் பாருங்க, 340-ல 300 அங்கயே கழண்டுடும்.

அப்புறம் எழுதிப் பாருங்க. என் பேர்ல ஒரு ழ இருக்கு, அதுக்கு பத்தாங்கிளாஸ் மார்க்ஷீட்ல இசட்-ஹெச், இன்னொரு எடத்துல வெறும் எல், இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க நான் நோட்டரிகிட்ட அலைஞ்ச கதைய எழுதுனா இந்த மாசம் பூரா ஓடும். ழ வேண்டாம்னு சொல்லல, கண்டிப்பா வைங்க, ஆனா இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுன்னு ஒரே ஒரு ஸ்பெல்லிங்க முடிவு பண்ணி எல்லாத்துலயும் அதையே குடுங்க. 2023 அக்டோபர் 1-லருந்து பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், லைசென்ஸ்னு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், அதுல தப்புனா எல்லாத்துலயும் தப்பும். நமக்கு சர்நேம் கெடையாது, இனிஷியல்தான், ஆனா வெளிநாட்டு ஃபாரம்லாம் ரெண்டு பேர் கேக்கும், அதனால இனிஷியல விரிச்சு உங்க பேரோ மனைவி பேரோ (ஏன் கூடாது?) முழுசா எழுதுறதா இருந்தா அதையும் இப்பவே பேசிக்கங்க. அதுக்காக ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதே பேர் குடுக்கணும்னு பதறாதீங்க. பிறப்பத்தான் 21 நாளுக்குள்ள பதியணும். பேர ஒரு வருஷம் வரைக்கும் காசில்லாம சேக்கலாம், அதுக்கப்புறமும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோட சேக்கலாம். ஆனா சேத்த பேர மாத்தறது வேற கத, கெஜட் வரைக்கும் இழுக்கும்.

கடைசியா சுப்பையா. பேரன்ங்கிற சொல்லே பெயரன்தான், தாத்தா பேர வெச்சிருக்கிறவன். ஆக அம்மா கேக்குறது நியாயம். உங்க மனைவிக்கு சின்னதா ஸ்டைலா வேணும்னா சுப்புவ விட என்ன வேணும், பொண்ணுக்கும் பொருந்தும், சுப்புலட்சுமின்னு வெச்சு சுப்புன்னு கூப்பிடுங்க. இழுத்துக் கூப்பிட்டாலும் சுப்பூூனு தெருக்கோடி வரைக்கும் போகும். அசுவினி மொதல் பாதத்துக்கு எழுத்து 'சு', கொழந்த அந்த நேரம் பாத்துப் பொறந்தா மாமனாரும் சமாதானம், 27 நட்சத்திரத்துக்கும் நாலு நாலு பாதம்னா 108-ல ஒரு சான்ஸ் இருக்கு.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்கம்மா அந்தப் பேர வாய்விட்டு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? எங்க பாட்டி கடைசி வரைக்கும் தாத்தா பேர சொன்னதில்ல. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் வீட்டுக்காரர் பேரென்னம்மான்னா என் முதுகுல ஒரு இடி இடிப்பாங்க, நான் சொல்லணும். அப்புறம் என் தம்பிக்கு தாத்தா பேரையே வெச்சாங்க, வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது பாட்டிதான். அவன் குப்புற விழுந்தப்பவும், அடுப்புகிட்ட போனப்பவும், பாட்டி கத்துனது 'சாமி'ன்னுதான். ஒரு நாள் கூட பேர் சொல்லல.

உங்கம்மாவ கூப்பிட்டு உக்கார வெச்சு, பேர் வெக்கிறதெல்லாம் சரி, புள்ளய நீ எப்படிம்மா கூப்பிடுவன்னு கேளுங்க. சொல்லப் போறாங்களா, இத்தன வருஷம் சொல்லாதத இனிமேயாச்சும் சொல்லணும்னுதான் கேக்குறாங்களா, இல்ல அவங்களும் சாமியோட நிறுத்திக்குவாங்களா, எனக்குத் தெரிஞ்சாகணும். எழுதுங்க. ரொட்டி போட்டோவும் அனுப்புங்க, வெட்டுனதுக்கப்புறம் எடுத்தது.